வெள்ளிக்கிழமை வட்டம்

“இதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய், தோழர்?”

நகாட்டோ என்னிடம் இதைக் கேட்டபோது நான் ஒரு கவரால் யூனிஃபார்மின் முதுகில் ரிஃப்ளெக்டர் பட்டை வைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். சுவரும் நூல்கண்டு அலமாரியும்தான் இருந்தன.

“உன்னைத்தான்,” என்றார் நகாட்டோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் சுரங்கங்களைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் இறங்கித் தாமிரம் தோண்டுகிறவன் ஏன் அதே மண்ணில் செருப்பில்லாமல் நடக்கிறான் என்பது கேள்வி. எனக்கு அதைப் பற்றிச் சொல்ல நிறைய இருந்தது. ஆனால் வழக்கம்போல் தலையைக் குனிந்துகொண்டேன். மெஷினை மிதித்தேன். பட்டை கோணலாகப் போனது.

“தோழர் யோசிக்கிறார்,” என்றார் கோஜோ. “அடுத்த வாரம் சொல்வார்.”

அடுத்த வாரமும் கேட்டார்கள். அதற்கு அடுத்த வாரமும். நான் சொல்லவில்லை. அவர்கள் கேட்பதை நிறுத்தவும் இல்லை.

எங்கள் கடை அரபு நாட்டில், முசஃபா தொழிற்பேட்டையில், லாரி பட்டறைகள் இருக்கும் வரிசையில், ஒரு டயர் கடைக்கும் ஒரு பாகிஸ்தானி ஓட்டலுக்கும் நடுவில் இருக்கிறது. கம்பெனி யூனிஃபார்ம் தைப்பது, அளவு குறைப்பது, சட்டைப் பையில் பெயர் எம்பிராய்டரி போடுவது, இதுதான் வேலை. கடை அம்மாவின் பொறுப்பு. அம்மாவின் பெயர் தேவகனி. ஊர் குளச்சலுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை. அப்பாவின் பெயர் பிரைட்; கடலுக்குள் எண்ணெய் மேடையில் வெல்டர். மாதத்துக்கு ஒருமுறை கரைக்கு வருவார், தூங்குவார், போவார்.

நான் ஒன்பதாம் வகுப்பு வரை இங்கே ஓர் இந்தியப் பள்ளியில் படித்தேன். பாடம் வரவில்லை என்று சொல்ல முடியாது. எழுந்து நின்று வாசி என்றால் குரல் வராது. டீச்சர் மூன்று தடவை சொல்வார், பிறகு வகுப்பு சிரிக்கும். அரைப் பரீட்சைக்குப் பிறகு ஒருநாள் ஸ்கூல் பஸ் வீட்டுக்குக் கீழே வந்து நின்றபோது நான் மாடியிலிருந்து இறங்கிப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. அம்மா திட்டினாள், அழுதாள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள், சபையில் ஜெபிக்கச் சொன்னாள். கடைசியில், “சரி ஜெஸ்மி, மெஷினாவது உன்கிட்ட பேசட்டும்,” என்று கடையில் உட்கார வைத்துவிட்டாள். அது நாலு வருஷத்துக்கு முன்பு.

நகாட்டோ உகாண்டாக்காரர். பக்கத்துக் குடோன் வரிசையின் கேட்டில் செக்யூரிட்டி. முதலில் பேண்ட் அளவு குறைக்கத்தான் வந்தார். அவருடைய கம்பெனி பெண்களுக்கும் ஆண்கள் பேண்டையே கொடுக்கிறது. இடுப்பில் இரண்டு பேர் நுழையலாம். அம்மா ஊசி குத்தி அளவு எடுக்கும்போது அவர் அசையாமல் நின்றார். “டியூட்டியில நிக்கிற மாதிரியே நிக்கிறாளே,” என்று அம்மா தமிழில் சொன்னாள். அதன் பிறகு அவருடைய கம்பெனிப் பெண்கள் எல்லோரும் எங்கள் கடைக்கு வந்தார்கள். பிறகு ஒருநாள் அவர் அம்மாவிடம் அரைகுறை ஹிந்தியில் கேட்டார்: வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கடை சாத்தினால் நாலு மணிக்குத்தானே திறக்கிறீர்கள், அந்த நேரத்தில் நாங்கள் கொஞ்சம் பேர் உள்ளே உட்கார்ந்து வாசித்துக்கொள்ளலாமா?

“புக்?” என்று அம்மா கேட்டாள்.

“புக்,” என்றார் நகாட்டோ.

அம்மா சரி என்றாள். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்காரலாம், டீ போட்டுக்கொள்ளலாம், கத்திரிக்கோலைத் தொடக் கூடாது. எனக்கு வெள்ளிக்கிழமையும் தைக்க வேலை இருந்ததால் நானும் உள்ளேயே இருந்தேன்.

ஆறு பேர் வருவார்கள். நான் இங்கே மூன்று பேரைச் சொன்னால் போதும். நகாட்டோ. கானாவைச் சேர்ந்த கோஜோ; குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர், உரக்கச் சிரிப்பவர், எப்போதும் தாமதமாக வருகிறவர். கினியாவிலிருந்து வந்த அமினாத்தா. கிளீனிங் கம்பெனியில் வேலை, மெல்லப் பேசுவார், தொழுகை நேரம் வந்தால் இஸ்திரி மேசைக்குப் பின்னால் ஒரு துண்டை விரித்துத் தொழுதுவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து வாதாடுவார்.

அவர்கள் ஒரு கட்சி. எனக்கு அது இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. ஆங்கிலம் எனக்குப் புரியும் என்று அவர்களுக்கும் தெரியும். என்னை வெளியே அனுப்பவில்லை.

கட்சிக்கு ஒரு நாடு இல்லை. ஆப்பிரிக்கா முழுவதும் ஒன்று, நிலமும் சுரங்கமும் அதில் உழைக்கிறவனுக்கு என்பது அவர்கள் சொல்வது. ஊரில் கட்சி ஊர்வலம் போகும், தோட்டக் கம்பெனி வளைத்துப் போட்ட நிலத்தில் கூடாரம் அடிக்கும், தேர்தலில் நிற்கும், தோற்கும், மறுநாள் மறுபடி கூட்டம் போடும். இங்கே கொடி பிடிக்க முடியாது. அதனால் இங்கே இருக்கிறவர்களுக்கு இரண்டே வேலை. ஒன்று, வாசிப்பது. இன்னொன்று, புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளைத் தனியாக விடாமலிருப்பது. அமினாத்தா தான் தங்கியிருக்கும் லேபர் கேம்புக்கு வரும் புதுப் பெண்களிடம் பாஸ்போர்ட் உன் கையில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார். விரல் நசுங்கின ஒரு பையனை கோஜோ லேபர் ஆபீசுக்குக் கூட்டிப்போய், ஃபோர்மன் சொன்னதற்கு எதிராக நடந்ததைச் சொல்ல வைத்தார். அதை வட்டத்தில் வந்து அறிக்கையாகச் சொல்வார்கள். யாரும் கைதட்ட மாட்டார்கள். “அடுத்தது,” என்பார் தலைவர்.

தலைவர் வாரா வாரம் மாறுவார். யார் தலைவரோ அவர் இஸ்திரி மேசை ஸ்டூலில் உட்காருவார். புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் உரக்க வாசிக்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் பேச வேண்டும். பேசாமல் யாரும் போகக் கூடாது. “பேச ஒன்றுமில்லை என்றால் அதையும் வாயால் சொல்,” என்பார் நகாட்டோ. கடைசியில் விமர்சனம். முதலில் தன்னிடம் கண்ட குறையைச் சொல்ல வேண்டும், அப்புறம்தான் மற்றவருடையது.

ஒரு வாரம் கோஜோ எழுந்தார். “நான் ஃபுட்பால் பார்த்துவிட்டுத் தாமதமாக வந்தேன், அது தவறு. இனி தோழர் நகாட்டோவைப் பற்றி. அவர் சிரிப்பதே இல்லை. இது மக்களைக் கட்சியிலிருந்து விரட்டும்.”

“ஏற்றுக்கொள்கிறேன்,” என்றார் நகாட்டோ, சிரிக்காமல்.

நான் சிரித்துவிட்டேன். அம்மா அப்போது டீத்தூள் எடுக்க உள்ளே வந்திருந்தாள். நின்று என்னைப் பார்த்தாள். டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவர்களுக்கு இந்த இடத்தை விட்டால் வேறு இடம் இல்லை. கேம்புகளில் வெளியாள் வரக் கூடாது. ஓட்டலில் மூன்று மணி நேரம் உட்கார விடமாட்டார்கள். பார்க்கில் ஆறு பேர் வட்டமாக உட்கார்ந்தால் கொஞ்ச நேரத்தில் ஒரு செக்யூரிட்டி வந்து எழுப்புவார் என்று சொன்னார் நகாட்டோ. “அந்த செக்யூரிட்டி நானாகவும் இருக்கலாம்.” தம்மாம் நகரத்தில் இதே மாதிரி ஒரு வட்டம் இருந்ததாம். கேம்பின் மொட்டை மாடியில் கூடினார்கள். எவனோ வீடியோ எடுத்தான். அடுத்த வாரத்துக்குள் எல்லோரையும் கம்பெனி விமானம் ஏற்றிவிட்டது. அப்படி ஊருக்குத் திரும்பின ஒருவர் இப்போது கம்பாலாவில் மோட்டார்சைக்கிள் டாக்சி ஓட்டுகிறார். அவர் நகாட்டோவின் தம்பி. தம்பி வீட்டையும் சேர்த்து இப்போது நகாட்டோதான் பார்க்கிறார்.

எனக்கும் வேறு இடம் இல்லை. ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்கவில்லை.

அம்மா இதை ஜெபக்கூட்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அல்லது நான் அப்படி நம்பினேன். டயர் கடை சதக்கத்துல்லா பாய், “என்னக்கா, வெள்ளிக்கெழமையானா கறுப்பர் கூட்டமா இருக்கு?” என்று கேட்டபோது, “பிரேயர் பாய், பிரேயர்,” என்றாள். ஆப்பிரிக்கர்கள் நன்றாகப் பாடி ஜெபிப்பார்கள் என்று எங்கள் சபையில் எல்லோரும் சொல்வார்கள். இவர்கள் பாடுவதில்லை. அமினாத்தா தொழுகிறார். அம்மா கவனிக்கவில்லை என்று நினைத்தேன்.

மே மாதக் கடைசியில் ஆப்பிரிக்க விடுதலை நாள். அதற்கு ஒட்டிய வெள்ளிக்கிழமை அதைக் கொண்டாடலாம் என்று வட்டத்தில் முடிவானது. மூன்று நிறத்தில் ஒரு துணி வேண்டும் என்றார்கள்: சிவப்பு, கறுப்பு, பச்சை. வெட்டு மிச்சத்திலிருந்து நான் தைத்துக் கொடுத்தேன். பச்சை, ஒரு நர்சரிக் கம்பெனியின் சட்டைத் துணி. சிவப்பு, பெட்ரோல் பங்க் பையன்களுடையது. கோஜோ அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, “இதில் ஒரு கோணல்கூட இல்லை,” என்றார். நகாட்டோ மூலையைத் திருப்பித் தையலைப் பார்த்தார். “நல்ல வேலை, தோழர்,” என்றார். அன்று முழுவதும் நான் தப்பில்லாமல் தைத்தேன்.

அந்த வியாழக்கிழமை அம்மா சாதாரணமாகச் சொன்னாள்: “நாளைக்கு செல்வநாயகம் அண்ணன் வாறாரு, கேட்டியா. இவிய கூட்டத்துல ஒரு பாட்டுப் பாடி ஜெபம் பண்ணிட்டுப் போவாரு. பப்ஸ் வாங்கி வை.”

செல்வநாயகம் எங்கள் சபையின் செயலாளர். ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் பி.ஆர்.ஓ.; விசா வேலைகளுக்கு ஆபீஸ் ஆபீசாக அலைகிறவர். எந்த டெஸ்க்கில் யார் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும். எந்தக் கூட்டத்துக்கு அனுமதி வேண்டும், அனுமதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். நல்ல மனுஷர். எதைப் பார்த்தாலும் போட்டோ எடுத்துச் சபை வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிடுவார்.

அம்மாவிடம் சொல்ல வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அவர்கள் கட்சிக்காரர்கள் என்றா? சொன்னால் அம்மா அன்றைக்கே கூட்டத்தை நிறுத்திவிடுவாள். சொல்லாவிட்டால் நாளைக்கு அண்ணன் வந்து நிற்பார். நான் நகாட்டோவுக்கு மெசேஜ் அனுப்பினேன்: நாளை சபை ஆள் வருகிறார், நீங்கள் ஜெபிக்கிறவர்கள் என்று நினைத்துக்கொண்டு. பதில் உடனே வந்தது: வரட்டும். பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடியும் நேரத்தில் செல்வநாயகம் அண்ணன் ஷட்டருக்குக் கீழே குனிந்து வந்தார். வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் சபையில் தட்டும் டாம்பரின். வெயிலில் முகம் சிவந்திருந்தது.

“பிரெய்ஸ் த லார்ட், பிரெய்ஸ் த லார்ட்! ஏ தேவகனி, உள்ள நல்ல ஏசி போட்டிருக்கியே. ஆப்பிரிக்கா குளுகுளுன்னு இருக்கு.”

“இரிங்கண்ணே,” என்றாள் அம்மா.

அவர் சுவரில் தொங்கிய துணியைப் பார்த்தார். “இது எந்த நாட்டுக் கொடி?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

“எங்கள் எல்லோருக்கும் சேர்த்து, சார்,” என்றார் கோஜோ.

“ஓ, மிஷன் கொடி! குட், குட்.”

மேசையின் மேல் இருந்த புத்தகங்களை அமினாத்தா மெல்ல எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு ஓர் ஆங்கிலப் பாட்டைத் தொடங்கினார். முதல் வரியில் அவர் குரல் மட்டும் கேட்டது. இரண்டாவது வரியில் கோஜோ சேர்ந்துகொண்டார். அவருடைய அப்பா ஊரில் மெதடிஸ்ட் கோயிலில் பாடகர் குழு நடத்தியவராம். எனக்கு அது அப்போதுதான் தெரியும். குரல் அடியிலிருந்து எழுந்து கடை முழுக்க நிறைந்தது. ஊசிகள் வைத்த தகர டப்பா அதிர்ந்தது. அண்ணனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அமினாத்தா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகாட்டோ டியூட்டியில் நிற்பதுபோல நின்றார்.

பாட்டு முடிந்ததும் அண்ணன் கண்ணைத் துடைத்தார். “ஆப்பிரிக்க ஜெபம்னா வல்லமையான ஜெபம், நான் எங்க போனாலும் சொல்லுவேன். தேவகனி, உன் பிள்ளைய இங்க வரச் சொல்லு.” பிறகு நகாட்டோவைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: “சிஸ்டர், நீங்கதான் இங்க லீடர்னு தேவகனி சொன்னா. இந்தப் பிள்ளை வாய் தெறந்து பேசாது. பள்ளிக்கூடமே போச்சு. இவ தலையில கை வெச்சு ஒரு ஜெபம் பண்ணுங்க.”

நான் எழுந்து நடுவில் போய் நின்றேன். கவராலின் நூல் என் விரலில் சுற்றியிருந்தது. நகாட்டோ என் தலையில் கை வைத்து உதட்டை அசைத்தால் போதும். எல்லாம் முடிந்துவிடும். கோஜோவின் கண்கள் அவரைக் கெஞ்சின.

நகாட்டோ கை வைக்கவில்லை.

“மன்னிக்கணும் சார். நான் ஜெபிக்கிறதில்லை.”

அண்ணன் சிரித்தார். “நோ நோ, கூச்சப்படாதீங்க.”

“கூச்சமில்லை. நான் ஜெபம் பண்ணுற ஆள் இல்லை. பண்ணுற மாதிரி நடிக்க எனக்கு வராது.”

அண்ணனின் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் கண்கள் பி.ஆர்.ஓ. வேலைக்குப் போய்விட்டன. சுவரில் இருந்த துணியைப் பார்த்தார். அமினாத்தாவின் தலைத்துணியைப் பார்த்தார். மடியில் இருந்த புத்தகங்களைப் பார்த்தார்.

“அப்ப இது என்ன கூட்டம் தேவகனி?” என்று தமிழில் கேட்டார்.

அம்மா பப்ஸ் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எனக்குப் பாடம் சொல்லித் தாறாவ,” என்றேன் நான்.

அது என் குரல்தான். கொஞ்சம் கட்டையாக இருந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்ததால் நிறுத்தாமல் சொன்னேன்: “பத்தாங்கிளாஸ் பரீட்சை தனியா எழுதப் போறேன். இங்கிலீஷும் சோஷியலும் இவிய சொல்லித் தாறாவ. அம்மாவுக்கு சர்ப்ரைஸா இருக்கட்டும்னு சொல்லல. அதான் அம்மா பிரேயர்னு நெனச்சா.”

செல்வநாயகம் அண்ணன் இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

“பிள்ளை பேசிட்டு! ஸ்தோத்திரம்! எட்டி, பிள்ளை பேசிட்டு! ஜெபிக்கலன்னு சொன்னா, சொன்ன ஒடனேயே கர்த்தர் வாயத் தெறந்துட்டாரு! தேவகனி, பாத்தியா?”

அவர் என் தலையில் கை வைத்து, நகாட்டோ செய்யாத ஜெபத்தைத் தானே செய்தார். நீளமான ஜெபம். அதில் ஆப்பிரிக்கா முழுவதையும் ஆசீர்வதித்தார். கோஜோ ஒவ்வொரு நிறுத்தத்திலும் உரக்க ஆமென் சொன்னார். பிறகு அண்ணன் என்னை நடுவில் நிறுத்தி எல்லோரையும் சுற்றி நிற்கச் சொல்லிப் போட்டோ எடுத்தார். நகாட்டோ குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டதால் அதில் அவர் முகம் இல்லை. அண்ணன் இரண்டு பப்ஸ் சாப்பிட்டார். கோஜோவின் கையைப் பிடித்துக்கொண்டு, “பிரதர், நீங்க எங்க சபையில ஒரு நாள் பாடணும்,” என்றார். வெளியே போகும்போதும் “பிள்ளை பேசிட்டு” என்று சதக்கத்துல்லா பாயிடம் சொல்வது கேட்டது.

அம்மா இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டு முன்பக்கக் கவுண்டருக்குப் போனாள்.

கோஜோ மேசையைத் தட்டினார். “தோழர் ஜெஸ்மி! எட்டு மாதமாகக் கேட்டோம். பேசினால் இப்படிப் பேச வேண்டும்!” அமினாத்தா என் கன்னத்தைப் பிடித்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இடம் தப்பித்துவிட்டது.

நகாட்டோ ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று அவர்தான் தலைவர்.

“விமர்சனம்,” என்றார்.

“இப்போதா?” என்றார் கோஜோ. “முதலில் பப்ஸ்.”

“இப்போது. முதலில் என்னுடையது. இந்தக் கடையம்மா நம்மைப் பற்றித் தவறாக நினைக்கிறார் என்று எனக்குப் பல மாதமாகச் சந்தேகம். நான் கேட்கவில்லை. இடம் போய்விடும் என்று பயந்தேன். அது என் தவறு. இரண்டாவது, இன்று நமக்காக ஒரு பிள்ளை பொய் சொல்ல வேண்டியிருந்தது. நாம் அதற்கு ஆமென் போட்டோம்.”

“அது பொய்யே இல்லை,” என்றார் கோஜோ. “அவள் இங்கே பாடம் படிக்கவில்லையா? பரீட்சை எழுதினால் உண்மையாகிவிடும்.”

“நாம் யாருடைய கூரைக்குக் கீழே இருக்கிறோமோ அவருக்கு நாம் யார் என்று தெரிய வேண்டும். அவருடைய லைசென்ஸ் இது. மாட்டினால் நமக்கு விமானம். அவருக்குக் கடை போகும். அவர் தெரிந்து முடிவெடுக்கட்டும். நான் சொல்லப் போகிறேன்.”

கோஜோ எழுந்துவிட்டார். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். “யாருக்காகச் சொல்கிறாய்? அந்த அம்மாவுக்காகவா? இல்லை. நீ சுத்தமாக இருக்க வேண்டும், அதற்காக. அமினாத்தாவின் கேம்புக்குப் போன வாரம் வந்த நாலு பெண்கள் அடுத்த வெள்ளி இங்கே வருகிறார்கள். அவர்களை எங்கே உட்கார வைப்பாய்? உன் கேட்டிலா?”

“ஓட்டுக்கு விடலாம்,” என்றார் அமினாத்தா மெல்ல.

“இதில் ஓட்டு இல்லை,” என்றார் நகாட்டோ.

“கட்சியில் எல்லாவற்றுக்கும் ஓட்டு உண்டு. நீதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தாய்,” என்றார் அமினாத்தா.

நகாட்டோ ஸ்டூலிலிருந்து எழுந்தார். “உண்மை,” என்றார். “இதையும் அடுத்த விமர்சனத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.” சொல்லிவிட்டு முன்பக்கம் போனார். நாங்களும் பின்னாலேயே போனோம்.

அம்மா ஒரு செக்யூரிட்டி சட்டையின் காலரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நகாட்டோ அவள் எதிரில் நின்று, ஹிந்தியும் ஆங்கிலமுமாகச் சொன்னார். “மம்மா, நாங்கள் பிரேயர் இல்லை. பார்ட்டி. பாலிடிக்ஸ். ஆப்பிரிக்கா பார்ட்டி. ஜெஸ்மி உங்களுக்காக, எங்களுக்காகப் பொய் சொன்னாள். அவள் மேல் தவறில்லை. நீங்கள் போ என்றால் போகிறோம். இரு என்றால் தெரிந்தே இரு என்று சொல்லுங்கள்.”

அம்மா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். என்னைப் பார்த்தாள்.

“நான் சொல்லுகதை அவளுக்கு அப்படியே இங்கிலீஷுல சொல்லு. ஒண்ணும் விடப்பிடாது.”

நான் தலையாட்டினேன்.

“எட்டு மாசமா அந்த உள்ரூமுல ஒரு ஆமென் நான் கேக்கல. அந்தப் பிள்ளை எனக்க இஸ்திரி மேசைக்கப் பொறத்த தொழுகா. பைபிள் கூட்டத்துல எவளாவது தொழுவாளாட்டி? நான் என்ன மடச்சியா?”

நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். ‘மடச்சி’க்கு ‘ஃபூல்’ என்று போட்டேன். நகாட்டோ அசையவில்லை. கோஜோ வாயைத் திறந்தார், மூடினார்.

“எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் விட்டேன். இந்தப் பிள்ளை மனுசங்க நடுவுல இருந்து சிரிச்சா, அதைப் பாத்தேன். வேற எதுக்கு? செல்வநாயகம் அண்ணனை நான்தான் கூப்பிட்டேன். என்னத்துக்கு? அவரு ஒரு போட்டா எடுத்து குரூப்புல போட்டா, முசஃபா முழுக்க இது பிரேயர்னு ஆயிப்போவும். பொறவு ஒருத்தனும் கேக்க மாட்டான். ஒரு நிமிசம் தலையில கை வெச்சிருந்தா போதும் இவளுக்கு. அதுவும் மாட்டேன்னுட்டா. பிள்ளை வாயத் தெறந்து காப்பாத்துச்சு. அதையும் வந்து ஒடைக்கா.”

இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரமானது. இடையில் இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன்.

“நாளைக்கு யாராச்சும் யூனிஃபார்ம் போட்டு வந்து கேட்டா, பிரேயர்னு நெனச்சேன் சார், எனக்கு யாரும் சொல்லலன்னு நான் சொல்லியிருப்பேன். அது பொய்யில்ல. எனக்கு யாரும் சொல்லலதான். இப்ப இவ சொல்லியாச்சு. ஆறு பேரு முன்னால சொல்லியாச்சு. இனி நான் என்னன்னு சொல்ல? தெரியாதுன்னா பொய். தெரியும்னா கடை. எனக்க விசா, இவளுக்க விசா, எல்லாம் இந்த லைசென்ஸுலதான் நிக்கு.” அம்மாவின் குரல் உடைந்தது. அவள் அதை இருமலாக மாற்றினாள். “கலாஸ், முடிஞ்சுது. அடுத்த வெள்ளி வரண்டாம்னு சொல்லு.”

நான் நின்றேன்.

“சொல்லு மக்களே.”

கடைசி வாக்கியத்தை மாற்றிச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்ச நாள் வேண்டாம் என்று சொல்லலாம். அம்மா யோசித்துச் சொல்வாள் என்று சொல்லலாம். அம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் தெரியாது; நகாட்டோவுக்குத் தமிழ் தெரியாது. நடுவில் நான் மட்டும்தான் இருந்தேன். ஆனால் நகாட்டோ என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அம்மா சொன்னதை அப்படியே சொன்னேன்: லைசென்ஸ், விசா, அடுத்த வெள்ளி வர வேண்டாம்.

கோஜோதான் முதலில் அசைந்தார். அம்மாவின் அருகில் போய், “தேங்க்யூ மம்மா,” என்றார். “இத்தனை நாள்.” அம்மா தலையாட்டினாள், அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு ஷட்டருக்குக் கீழே குனிந்து போனார்கள். அமினாத்தா புத்தகங்களைப் பையில் போட்டார். புதிதாக வந்த நாலு பெண்களுக்கு என்ன சொல்வதென்று கோஜோவிடம் கேட்டுக்கொண்டே போனார். அவர்களுடைய குரல்கள் டயர் கடைச் சத்தத்தில் கரைந்தன.

நகாட்டோ உள்ளே போனார். ஸ்டூலை எடுத்து அதன் இடத்தில் வைத்தார். டீ கப்புகளைக் கழுவிக் கவிழ்த்தார். சுவரிலிருந்து துணியை எடுத்து நாலாக மடித்தார். அதை என் மெஷின் மேல் வைக்கப் போனார், பிறகு வைக்காமல் பைக்குள் போட்டுக்கொண்டார். அம்மா சட்டையைத் திருப்பிப் போட்டு மறுபக்கம் தேய்த்தாள். நகாட்டோ அவள் பக்கத்தில் வந்து நின்றார். அம்மா நிமிரவில்லை. நகாட்டோ என் பக்கம் திரும்பினார். நான் அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன்.

அவர் தொப்பியை மாட்டிக்கொண்டார். குனிந்து ஷட்டரைக் கடந்து வெயிலுக்குள் போய்விட்டார்.